கருவண்டு ஏறி வராத மாடி

மத்தியானம் பன்னிரண்டு மணி தாண்டியதும் தையல் மெஷினிலிருந்து காலை எடுத்துவிடுவேன். சாப்பாட்டுக்கு என்றுதான் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் நினைக்கிறார்கள். ஜன்னலோரக் கொடியில் அன்றைக்கு எத்தனை மொட்டு விரிகிறது என்று பார்ப்பதற்காக எழும்புகிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

நான் இருப்பது ஓப்பநாயக்க டவுனில், பலாங்கொடைக்குப் போகும் பாதையோரம், ஒரு கடைக்கு மேல்மாடியில். இரண்டு அறை. ஒன்றில் தையல், மற்றதில் குடித்தனம். பதுளை பஸ் ஒவ்வொன்றும் கீழே திரும்பும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். மண் என்று சொல்ல எனக்குச் சொந்தமாக இருப்பது இரண்டு பிளாஸ்டிக் வாளிக்குள் இருப்பதுதான். தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கு ஏழு பேர்ச் காணி என்று தேர்தலுக்குத் தேர்தல் பேச்சு வரும். எனக்கு வாய்த்தது பன்னிரண்டு அங்குல வாய் உள்ள வாளி. அதில் வளர்வது கொடித்தோடை.

கொடித்தோடை என்பது பாடப்புத்தகத்துப் பெயர். தோட்டத்தில் நாங்கள் பெஷன் பழம் என்போம். எதிர்வீட்டுச் சிங்கள அக்கே 'வெல் தொடம்' என்கிறார். வெல் என்றால் கொடி, தொடம் என்றால் தோடை. இரண்டு மொழிக்காரரும் இந்தப் பழத்துக்கு ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறோம். அதன் சொந்த ஊர் தென்னமெரிக்கா. அந்தக் குடும்பத்தில் ஐந்நூறுக்கு மேல் வகை இருக்கிறதாம், பெரும்பாலும் அந்தப் பக்கத்தவைதான்.

அதன் தங்கை ஒன்றை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஓப்பநாயக்க ஒரு காலத்தில் ரயில் பாதையின் கடைசி ஊர். அவிசாவளையிலிருந்து 1912இல் இரத்தினபுரிக்கு வந்த சின்ன ரயில், 1919இல் இதுவரைக்கும் நீண்டது. இரண்டரை அடி அகலத் தண்டவாளம். 1976இல் அதை நிறுத்தியபோது எனக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு தண்டவாள ஓரம் முழுக்கப் புதர். அந்தப் புதரில் ஒரு கொடி கிடக்கும், பச்சை நூலால் பின்னிய வலைப்பை மாதிரி ஒன்றுக்குள் கோலிக்குண்டு அளவு பழம். நன்றாக மஞ்சளாகப் பழுத்ததை மட்டும் தின்போம். தொட்டால் கையில் ஒட்டும், ஒரு மாதிரி வாடை வேறு. அந்தப் பிசினில் சின்னப் பூச்சிகள் ஒட்டிச் செத்துக் கிடக்கும். தமிழ்நாட்டில் அதைச் சிறுபூனைக்காலி என்கிறார்கள். நாங்கள் பெயர் கேட்காமலே தின்றோம்.

அம்மா வளர்த்தது பழக்கொடிதான். லயத்து இஸ்தோப்பில், மண்ணெண்ணெய் டின்னில் நட்டு, கூரைத் தகரத்துக்கு ஒரு கயிறு கட்டி விட்டிருந்தார். 1974 பஞ்சத்துக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும். கொடி தகரத்தில் ஏறியதும், கூரை கெட்டுப்போகும் என்று சொல்லி ஒருநாள் அடியோடு வெட்டச் சொன்னார்கள். வெட்டியது என் அப்பா. அவர் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர், கத்தி எப்போதும் கையில் இருக்கும். வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம் என்று அம்மா பல வருஷம் கழித்து ஒரேயொரு தடவை சொன்னார்.

மாடிக்குக் குடிவந்த பிறகு நுவரெலியாப் பக்கம் கலியாணத்துக்குப் போய், ஊதாப் பழம் இரண்டு கொண்டுவந்து, விதையைக் கழுவி நட்டேன். மூன்று வாரத்தில் முளைத்தது. இலை வெற்றிலை மாதிரி ஒரே தகடாக வந்ததும், வேறு ஏதோ முளைத்துவிட்டது என்று பிடுங்கப் போனேன். நல்ல வேளை, பிடுங்கவில்லை. இந்தக் கொடி பிஞ்சில் அப்படித்தான் இலை விடும். கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் ஒவ்வோர் இலையும் மூன்று விரலாகப் பிரியும்.

வாளியை முதலில் அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். தலைக்கு மேல் டியூப்லைட் எரிகிறது, அது போதும் என்று நினைப்பு. கொடி நீண்டது, ஆனால் நீண்ட விதம் சரியில்லை. இஞ்சிடேப் வைத்து அளந்தேன், தொழில் புத்தி. ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் ஏழு அங்குலம். ஜன்னலுக்கு மாற்றி ஒரு மாதம் கழித்துப் புதுத் தண்டை அளந்தபோது மூன்று அங்குலம். நாளைக்கு நாலைந்து மணித்தியாலமாவது நேர் வெயில் இலையில் படாவிட்டால் இது வெறும் கயிறு. வீட்டுக்குள் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் வாளி வாங்குவதற்கு முன்னால், எந்த ஜன்னலில் எத்தனை மணிவரை வெயில் நிற்கிறது என்று ஒருநாள் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். அப்படி ஜன்னல் இல்லையென்றால் வேறு செடி பாருங்கள், நான் மனம் நோகமாட்டேன்.

அந்த ஊதாக் கொடி ஜன்னல் முழுக்கப் படர்ந்தது. திரை போட வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு வருஷம் ஒரு பூ இல்லை. அப்பா சொல்வது ஞாபகம் வந்தது: "வெட்டுறதுக்குப் பயந்தா செடி கெழடு தட்டிரும் புள்ள." தேயிலையை மூன்று நாலு வருஷத்துக்கு ஒருக்கால் கவ்வாத்து வெட்டுவார்கள். பச்சை என்று ஒன்றும் மிஞ்சாமல் வெறும் குச்சியாக நிற்கும் மலை, இரண்டு மூன்று மாதத்தில் திரும்பத் துளிர்க்கும். அந்தத் தைரியத்தில் கொடியை முழங்கால் உயரத்தில், அப்பா வெட்டுகிற மாதிரியே சாய்வாக, ஒரே வெட்டு.

துளிர்க்கவில்லை. ஒன்றரை மாதம் தண்ணீர் ஊற்றினேன். அடிமரத்தை நகத்தால் கீறிப் பார்த்தபோது உள்ளே மண்ணிறம்.

அந்த வாரம் அண்ணன் மகள் வந்தாள். பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கிறாள். லீவுக்குப் போகும்போதும் வரும்போதும் இங்கே இறங்கி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவாள். வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அத்தை, தேயிலைய வெட்டுற மாதிரியா வெட்டுனீங்க?"

தேயிலைக்குப் பழைய மரத்திலிருந்தும் துளிர் வரும். கொடித்தோடைக்கு முற்றிய தண்டில் அந்தச் சக்தி குறைவு, கண்ணுள்ள இளம் கிளையை விட்டு வைக்க வேண்டும் என்றாள். வெட்டாமலும் இருக்க முடியாது, ஏனென்றால் பூ வருவது புதிதாக ஓடும் கொடியில், இலை தண்டோடு சேரும் கக்கத்தில். ஆகவே, காய்ப்பு முடிந்ததும் அடித்தண்டை அப்படியே விட்டு, பக்கக் கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கண் மிச்சம் வைத்து வெட்டுவதுதான் முறை. அப்பா அம்மாவின் கொடியை அடியோடு வெட்டியபோது, அதுவும் தேயிலை மாதிரித் திரும்ப வந்துவிடும் என்று நினைத்திருப்பாரோ என்று அன்றைக்கு இரவு யோசித்தேன்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். நான் வெட்டாமல் இருந்திருந்தாலும் அது பூத்திருப்பது சந்தேகம்தான். ஊதாப் பழம் குளிருக்குப் பழகியது, மலைநாட்டுக்கு ஏற்றது. நம் சப்ரகமுவ, தேயிலைக் கணக்கிலேயே தாழ்நிலம். இந்தப் புழுக்கத்துக்கு மஞ்சள் பழம்தான் சரி. ஹொரணைப் பழ ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த 'ஹொரணை கோல்ட்' இனத்தைப் பற்றியும் சொன்னாள். அடுத்த தடவை வரும்போது மடியில் வைத்துக்கொண்டு ஒரு மஞ்சள் கன்று கொண்டுவந்தாள். பஸ்ஸில் நின்றவர்கள் எல்லாம் அதன் நுனியைக் கிள்ளிவிட்டார்கள் போல, தலையில்லாமல் வந்து சேர்ந்தது. நல்லதாய்ப் போயிற்று, கீழிருந்து இரண்டு கிளை விட்டது.

மண்ணுக்குப் பெரிய ரகசியம் இல்லை. தோட்டத்து மண் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, கொம்போஸ்ட்டும் தும்புத்தூளும் சேர்ந்து ஒரு பங்கு. வாளியின் அடியில் ஓட்டை, ஓட்டைக்கு மேல் ஓட்டுத்துண்டு. பெரிய பீப்பாய் கிடைத்தது என்று அதில் வைக்காதீர்கள். வேருக்கு இடம் கூடினால் இலை கூடும், பூ பின்தள்ளிப் போகும். யூரியாவும் அப்படித்தான். தேயிலைக்குக் கொழுந்து வேண்டும், அதனால் யூரியா போடுகிறார்கள். நமக்கு இங்கே கொழுந்து வேண்டாம். நான் மாதத்துக்கு ஒருக்கால் ஒரு பிடி கொம்போஸ்ட்டும், விறகடுப்புச் சாம்பல் ஒரு கரண்டியும் போடுகிறேன். விரலை மண்ணில் விட்டுப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். வாளித் தட்டில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், இலை தாகத்தில் வாடுகிற மாதிரியே வாடும், நாம் இன்னும் ஊற்றுவோம். பாதையோர வீடு என்பதால் வாரத்துக்கு ஒருதரம் வெட்டுத்துணியை நனைத்து இலையைத் துடைக்கிறேன். துணி கறுப்பாக வரும். அதையும்தான் நாங்கள் சுவாசிக்கிறோம்.

கொடிக்குப் பிடிமானமாக ஜன்னல் கம்பியில் பட்டன் நூலை நாலு மடிப்பாகக் கட்டினேன். ஒருநாள் சட்டை ஒன்றுக்கு அளவெடுத்துவிட்டு இஞ்சிடேப்பை ஜன்னலில் தொங்கவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது ஒரு பற்றுக்கம்பி அதன் ஓரத்தில் கொக்கி போட்டிருந்தது. விடுவிக்க மனம் வராமல் அன்றைக்கு மரக்கோலால் அளந்தேன். சார்ள்ஸ் டார்வின் ஏறுகொடிகளைப் பற்றி 1865இல் எழுதியபோது, இந்தக் குடும்பத்து மெல்லிய கொடி ஒன்றின் பற்றுக்கம்பி, தொட்ட அரை நிமிடத்துக்குள் வளையத் தொடங்கியதைக் குறித்திருக்கிறார். பற்றிக்கொண்ட பிறகு அது செய்யும் வேலைதான் எனக்குப் பிடித்தது. ஸ்பிரிங் மாதிரிச் சுருளும், ஆனால் நடுவில் ஓரிடத்தில் திசை மாறும். ஒரு பாதி வலப்பக்கமாகவும் மறு பாதி இடப்பக்கமாகவும் சுற்றியிருக்கும். இரண்டு முனையும் கட்டுண்ட ஒன்றை நடுவில் முறுக்கினால் வேறு வழியில்லை. ரப்பர் நாடாவை வைத்து நான் செய்து பார்த்தேன், அப்படித்தான் வருகிறது. காற்றடித்தாலும் பஸ் அதிர்வு வந்தாலும் அந்தச் சுருள் இழுபட்டு விட்டுக்கொடுக்கும், அறாது.

எறும்பு பற்றி யாரும் எச்சரிக்கவில்லை. இலைக்காம்பின் மேல்முனையில், இலை தொடங்கும் இடத்துக்குக் கீழே, குண்டூசித் தலை மாதிரி இரண்டு புடைப்பு இருக்கும். அதில் இனிப்பு நீர் கசியும். பூவே இல்லாத காலத்திலும் கசியும். காட்டில் இது கொடி கொடுக்கும் காவல்கூலி. எறும்பு குடிக்க வரும், வந்த இடத்தில் இலை தின்னும் புழுவை விரட்டும். வீட்டுக்குள் அந்தக் காவல்காரர்கள் காம்பை முடித்துக்கொண்டு நேரே சீனி டின்னுக்குப் போனார்கள். இப்போது வாளி ஒரு தண்ணீர்த் தட்டின் நடுவில் ஒரு செங்கல் மேல் நிற்கிறது. ஜன்னலை மூடியே வைத்திருந்த நாட்களில் இலையின் கீழ்ப்புறம் சிலந்திப்பேனும், கணுக்களில் மாவுப்பூச்சியும் வந்தன. சன்லைட் சவுக்காரத்தைச் சீவிக் கரைத்துத் துணியால் துடைத்தேன், மூன்று வாரம் விடாமல். மருந்து அடிக்க மாட்டேன், பக்கத்து அறையில்தான் சோறு ஆக்குகிறேன்.

புழு விஷயத்தில் மட்டும் நான் கொடியின் பக்கம் இல்லை. ஒருநாள் செம்மண் நிறத்தில் முள்முள்ளாகப் புழுக்கள் ஒரு கிளையை மொட்டையாக்கின. அண்ணன் மகளுக்குப் படம் அனுப்பினேன். கறுப்புப் புள்ளி போட்ட செம்பழுப்பு வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைகள், விடுங்கள் என்றாள். இந்தக் குடும்பத்துக் கொடிகளின் பச்சையில் சயனைட் விடும் சத்து உண்டு. அதைத் தின்று வளர்வதால் அந்தப் பூச்சியைப் பறவைகள் தொட யோசிக்கும். அதே காரணத்துக்காகச் சின்னப் பிள்ளைகள் பச்சைக் காயை வாயில் வைக்க விடக்கூடாது. இலையை மெல்லியதாக அரிந்து, தேங்காய்ப்பூ போட்டுச் சிங்கள வீடுகளில் மல்லும் செய்கிறார்கள். எதிர்வீட்டு அக்கே கொடுத்து நானும் சாப்பிட்டிருக்கிறேன். பச்சை இலையைச் சும்மா மெல்லுவது வேறு விஷயம். இலங்கையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மட்டும் இருக்கும் இன்னொரு வண்ணத்துப்பூச்சியும் இந்தக் குடும்பத்தை நம்பி வாழ்கிறது. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'தமில் லேஸ்விங்'. இறக்கையின் ஓரம் லேஸ் வைத்துத் தைத்தது போலிருக்கும். தையல்காரி நான், அது ஒருநாள் என் ஜன்னலுக்கு வராதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை.

மஞ்சள் கொடி பதினோராவது மாதம் பூத்தது. ஊதாப் பழத்தின் பூ விடிய விரிந்து மத்தியானத்தோடு கூம்பும். மஞ்சளின் பூ மத்தியானத்துக்கு விரிந்து இரவு ஒன்பது பத்து மணிக்குக் கூம்பும். என் கண்ணெதிரே விரிந்தது. இஞ்சிடேப்பில் மூன்று அங்குலம். பத்து வெள்ளை இதழ் போல் தெரிகிறது, அதில் ஐந்து புற இதழ். அதற்கு மேல் நுனி சுருண்ட குஞ்சம், வெளியே வெள்ளை, அடியில் கருஊதா. நடுவில் ஒரு கம்பம், அதில் ஐந்து மகரந்தப் பை கீழ்முகமாகத் தொங்கும், உச்சியில் ஆணித்தலை மாதிரி மூன்று சூல்முடி.

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போன எங்கள் சின்னம்மா இப்போது கூடலூரில் இருக்கிறார். படத்தைப் பார்த்ததும் போன் எடுத்து, "இது கிருஷ்ணகமலம்டி, குஞ்சம் நூறும் கௌரவர், நடுவுல அஞ்சு பேரு பாண்டவர், மேல மூணும் மும்மூர்த்தி" என்றார். பிளவுஸ் வாங்க வந்த கத்தோலிக்கப் பெண் அதே மூன்றை ஆணி என்றும், ஐந்தைக் காயம் என்றும், குஞ்சத்தை முள்முடி என்றும் சொன்னாள். நானூறு வருஷத்துக்கு முன் தென்னமெரிக்கா போன பாதிரிமார் கண்ட கணக்கு அதுதான், பெஷன் என்ற பெயரும் கிறிஸ்துவின் பாடுகளைக் குறித்து வந்தது. ஜப்பானில் அதைக் கடிகாரப் பூ என்கிறார்களாம். சின்னம்மா சொன்ன நூறைச் சரிபார்க்கலாம் என்று ஊசிமுனையால் எண்ணினேன். நூறைத் தாண்டியும் போனது. கண் கூசியதும் விட்டுவிட்டேன். மகாபாரதத்தில் கூடக் கௌரவர் பக்கம் வந்து சேர்ந்தவர்கள் அதிகம்தானே.

பூ வந்தது, காய் வரவில்லை. இருபது பூ, ஒன்றும் நிற்கவில்லை. காம்போடு மஞ்சளாகி மேசையில் விழும். இந்தப் பூவின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பு, காற்றில் பறக்காது. வெளியே இந்த வேலையைக் கருவண்டு செய்கிறது, உத்தரத்தில் ஓட்டை போட்டுக் குடியிருக்குமே அதுதான். குஞ்சத்துக்குள் தேன் தேடித் தலையை விடும்போது அதன் முதுகு சரியாகத் தொங்கும் பைகளில் உரசும். சின்னத் தேனீக்கு அந்த உயரம் எட்டாது. பாதையோர மாடிக்கு அது ஏறி வரவில்லை. வண்டு வேலையையும் நாமே செய்ய வேண்டியதுதான் என்று விரல் நுனியால் தொட்டு வைத்தேன். அப்படியும் நிற்கவில்லை.

மஞ்சள் இனம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஊதா அப்படியில்லை, ஒற்றைச் செடியே காய்க்கும். இரண்டு செடி இருந்தால் போதுமே என்று, தவறணையில் தேயிலைக் கன்று போடுவதைப் பார்த்த பழக்கத்தில், மூன்று கண் உள்ள துண்டு வெட்டி இரண்டாவது வாளியில் ஊன்றிப் பொலித்தீன் பையால் மூடி வேர் பிடிக்க வைத்தேன். அழகாக வளர்ந்தது. அதுவும் பயனில்லை. துண்டு வெட்டி வைத்தது இரண்டாவது செடி ஆகாது, அது அதே செடியின் இன்னொரு கை. வேறு விதையில் வந்த செடி வேண்டும். ஆனாலும் அந்த வாளி வீண் இல்லை. இந்தக் கொடிக்கு ஆயுசு நாலைந்து வருஷம்தான், வாரிசு இருக்கட்டும்.

எதிர்வீட்டு அக்கேயின் கொடி முற்றத்துப் பந்தலில் படர்கிறது. அவருக்கு வண்டுக்குக் குறைவில்லை, மழைதான் தொல்லை. இரத்தினபுரி மாவட்டத்து மழை தெரிந்ததுதானே. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி மழை இறங்குவது பின்னேரம், சரியாக மஞ்சள் பூ விரிந்திருக்கும் நேரம். நனைந்தால் மகரந்தம் வெடித்துப் போகும். எனக்கு நனையாத பூ, வண்டு இல்லை. அவருக்கு வண்டு, பூ நனைந்து போகிறது. ஒருநாள் அவர் தன் பூவிலிருந்து மகரந்தப் பைகளை நகத்தால் கிள்ளி, காலித் தீப்பெட்டியில் போட்டுப் பாதையைக் கடந்து மேலே ஏறி வந்தார். முதலில் அவசரப்பட்டோம். பூ விரிந்தவுடன் சூல்முடி மூன்றும் நிமிர்ந்து நிற்கும். கொஞ்ச நேரத்தில் அவை மெதுவாகக் கீழே வளைந்து பைகளின் மட்டத்துக்கு வரும். வண்டின் முதுகுக்கு எட்டும் இடம் அது. அந்த நேரம் பார்த்துத் தொட வேண்டும். வளையாமலே நிற்கிற பூவும் உண்டு, அதில் மினக்கெட வேண்டாம். அக்கே தீப்பெட்டியைப் பிடித்துக்கொள்ள, பையை ஊசிக்கு நூல் கோர்க்கும் கவனத்தோடு எடுத்து மூன்று முடியிலும் மஞ்சள் படியத் தடவினேன். திரும்பிப் போகும்போது என் பூவிலிருந்து ஒரு பை அவர் தீப்பெட்டியில் போனது.

நாலாம் நாள் பூ காய்ந்து சுருங்கியது, நடுவில் பட்டாணி அளவில் பச்சை மட்டும் நின்றது. பத்து நாளில் எலுமிச்சையைத் தாண்டியது. பிறகு வளர்ச்சி நின்று, பச்சையாகவே தொங்கிக்கொண்டிருந்தது. பறிக்கக் கூடாது, தானாக விழ வேண்டும். எழுபத்து மூன்றாம் நாள் இரவு தையல் அறையில் 'டக்'கென்று சத்தம். எலி என்று விளக்குமாற்றோடு போனேன். மெஷின் மிதிக்கு அடியில் மஞ்சளாகக் கிடந்தது.

பாதிப் பழத்தைக் காலையில் அக்கேயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், நியாயப்படி அவருக்குப் பங்கு உண்டு. விதையைத் துப்பாமல் சீனி போட்டு விழுங்கினார். என் பாதியின் விதையில் பன்னிரண்டைக் கழுவி நிழலில் காய வைத்திருக்கிறேன். நாலு விதை கூடலூருக்குக் கேட்கிறார் சின்னம்மா, தபாலில் அனுப்ப முடியாது என்று சொன்னால் கோபிக்கிறார்.

இதை எழுதும்போது மணி பன்னிரண்டு நாற்பது. மூன்று மொட்டு வெடித்திருக்கிறது, ஒன்றில் முடி வளையத் தொடங்கிவிட்டது. இரண்டு மணிக்குப் பாடசாலைச் சட்டை வாங்க ஆள் வரும், காலர் இன்னும் வைக்கவில்லை. கீழே பதுளை பஸ் போகட்டும் என்று அக்கே பாதையோரம் நிற்கிறார், கையில் தீப்பெட்டி.